பழைய ஆஸ்திரியத் துப்பாக்கி: குழலுக்கு அடியில் படிக்க வேண்டியவை

பழைய ஆஸ்திரிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், எல்லோருடைய கண்ணும் முதலில் போவது இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டைக்குத்தான். அங்கே அழகான எழுத்தில் ஒரு பெயரும் ஓர் ஊரும் வெட்டியிருக்கும். சில நேரம் அந்த எழுத்தில் தங்கமும் பதித்திருப்பார்கள். அதைப் படித்ததும் இன்னார் செய்த துப்பாக்கி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. செய்தவர், எஃகு கொடுத்தவர், சுட்டுச் சோதித்தவர் ஆகியோரின் அடையாளங்களெல்லாம் குழலுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் இருக்கின்றன.

நான் உலோகவியல் படித்தவன். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் வேலை செய்கிறேன். இரும்புச் சுரங்கமும் எஃகு உலையுமாக வாழ்ந்த பூமி இது. பழைய எஃகின் முத்திரைகளைத் தேடிப் போய்த்தான் துப்பாக்கிகளிடம் வந்து சேர்ந்தேன். வேட்டையில் எனக்கு நாட்டமில்லை. ஒரு குழலின் அடியில் நாலைந்து பேர் தனித்தனியாகக் குத்திவிட்டுப் போன குறிகளை வரிசைப்படுத்திப் படிக்கிறபோது கிடைக்கும் நிறைவு எனக்குப் போதும். இந்தக் குறிகளைப் பற்றித் தமிழில் எழுதியதை நான் எங்கும் பார்த்ததில்லை. அதனால் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரியாவின் தெற்கே கரிந்தியா மாநிலத்தில், ஸ்லோவேனிய எல்லை மலைகளின் அடிவாரத்தில் ஃபெர்லாக் என்ற சிற்றூர் இருக்கிறது. ஸ்லோவேனிய மொழியில் போரோவ்லே. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே துப்பாக்கி செய்கிறார்கள். நெடுங்காலம் பேரரசின் படைகளுக்குச் செய்துகொடுத்தார்கள். 1864-இல் ஸ்டெயர் நகரில் யோசஃப் வெர்ன்டல் எந்திரத் தொழிற்சாலை தொடங்கி, ராணுவத் துப்பாக்கி ஆயிரக்கணக்கில் எந்திரத்திலிருந்து வர ஆரம்பித்த பிறகு, கைத்தொழிலாளிகளுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. ஃபெர்லாக் முழுமூச்சாக வேட்டைத் துப்பாக்கிப் பக்கம் திரும்பியது. 1878-இல் துப்பாக்கித் தொழிலுக்கென்றே அங்கே ஒரு தொழிற்பள்ளி வந்தது. இன்றும் அங்கே அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த ஊரில் வேலை பிரிந்து நடந்தது. குழல் துளைப்பவர் ஒருவர், பூட்டு (தோட்டாவை வெடிக்க வைக்கும் பொறி) செய்பவர் ஒருவர், கட்டை இழைப்பவர் ஒருவர், சித்திரம் வெட்டுபவர் ஒருவர். எல்லாம் கூடி முடிந்த பொருள் வியன்னாவுக்கோ இன்ஸ்ப்ரூக்குக்கோ ப்ராக்குக்கோ போய், அங்கே கடைக்காரர் பெயரைத் தாங்கும். 1854-இல் இன்ஸ்ப்ரூக்கில் தொடங்கிய யோஹான் பீட்டர்லாங்கோ கடையின் பெயரோடு வரும் துப்பாக்கிகளில் பலவற்றைத் திருப்பினால் ஃபெர்லாக் முத்திரை தெரியும். எல்லாப் பெயரும் கடைக்காரர் பெயர்தான் என்று சொல்ல வரவில்லை. வியன்னாவில் 1836 முதல் இருந்த ஸ்ப்ரிங்கர் போன்றவர்களின் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. ஃபெர்லாக்கிலேயே ஃபன்ஸோய் குடும்பம்போல் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் உண்டு. ஆனால் பெயரை வைத்துக்கொண்டு முத்திரையைத் தேடக் கூடாது. முத்திரையைப் படித்துவிட்டு, அது பட்டையிலுள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைக் கண்முன் காட்ட ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் தம் அம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அலமாரியில் இருந்தது 16-ஆம் எண் (குழலின் விட்டத்தைக் குறிக்கும் எண்) இரட்டைக்குழல், குதிரைகள், அதாவது அடித்து வெடிக்க வைக்கும் சுத்திகள், வெளியே தெரியாத வகை. பட்டையில் இன்ஸ்ப்ரூக் கடையின் பெயர். அந்த அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. "எங்கள் தாத்தாவின் துப்பாக்கி. சக்கரவர்த்தி காலத்தது" என்றார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். எந்த வருஷம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை.

திருப்பிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. யார் என்ன சொன்னாலும், குழலை மடக்கித் திறந்து இரண்டு அறையிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு முன்கைக் கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை, கழற்றினால் குழல்கள் தனியாக வந்துவிடும். பல துப்பாக்கிகளில் அந்தக் கட்டையைக் கொண்டியோ பொத்தானோ பிடித்திருக்கும். கைக்கு வராவிட்டால் துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுங்கள், திருகாணியில் விளையாட வேண்டாம். பழைய திருகாணியின் தலை மிக மெல்லிய வெட்டு கொண்டது. கடையில் கிடைக்கும் திருப்புளி அதைச் சிதைத்துவிடும். சிதைந்த திருகாணித் தலையைப் பார்த்தாலே வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

கழற்றிய குழலைத் தலைகீழாக வைத்தால், தோட்டா அறைகளுக்கு அடியில் இரண்டு தட்டையான முகங்கள் தெரியும். முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்தக் குழல்கள் வந்து உட்காரும் இரும்புப் பெட்டியின் மேல்முகம், இரண்டு குழலும் சேரும் இடுக்கு, முன்கைக் கட்டையின் இரும்பு, அந்த மரத்தின் உட்புறம் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள். வரிசை எண் குழலிலும் பெட்டியிலும் முன்கை இரும்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் வேறொரு துப்பாக்கியின் உறுப்பு ஏறியிருக்கிறது என்று பொருள்.

சுத்தம் செய்யும்போது நிதானம் வேண்டும். இரும்புக் கம்பளியும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். மெல்லிய எண்ணெயில் நனைத்த பருத்தித் துணி போதும். எண்ணெய் போட்டு ஓர் இரவு விட்டால் பல்லாண்டு அழுக்கு தானாக இளகும். வெளிச்சத்தை மேலிருந்து காட்டினால் குறி தட்டையாகிக் கண்ணுக்குப் படாது. கைவிளக்கைக் கிட்டத்தட்டக் குழலோடு படுக்க வைத்து, பக்கத்திலிருந்து காட்டுங்கள். பிறகு விளக்கை மெதுவாகச் சுற்றி எதிர்ப்பக்கம் கொண்டு போங்கள். ஒரு கோணத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தது இன்னொரு கோணத்தில் எழுத்தாக எழுந்து நிற்கும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். புகைப்படம் ஏமாற்றும் இடத்தில் பென்சில் தாள் ஏமாற்றாது.

அந்த அம்மாவின் துப்பாக்கியில் அப்படித் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். இரண்டு குழலிலும் 'போலர்' என்ற எஃகின் பெயர். தட்டை முகத்தில் என்.பி.எஃப். என்ற மூன்றெழுத்து. பக்கத்தில் 16 என்ற எண். குழல்களின் நடுவே இடுக்கில் இரண்டு சிறிய எழுத்துகள். இன்னொரு இடத்தில் 612, ஒரு புள்ளி, பிறகு 27.

எஃகின் பெயரிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் என் தொழில். "இது போலர் துப்பாக்கியா?", "இது க்ருப் துப்பாக்கியா?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. இரண்டும் எஃகு ஆலைகள். போலர் ஆஸ்திரியாவினுடையது, கப்ஃபன்பெர்க் ஊரில் அதன் பெரிய ஆலை. க்ருப் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தது, ஒன்றோடொன்று பின்னிய மூன்று வளையங்கள் அதன் சின்னம். பக்கவாட்டில் ஒரு பெண்ணின் முகம் குத்தியிருந்தால் அது இன்றைய செக் நாட்டிலுள்ள கிளாட்னோவின் போல்டி எஃகு. 1889-இல் அந்த ஆலையைத் தொடங்கிய கார்ல் விட்கன்ஸ்டைன் தம் மனைவி லியோபோல்டினேயின் செல்லப்பெயரை அதற்கு வைத்தார். குழல் எந்த எஃகில் துளைக்கப்பட்டது என்பதைத்தான் இவை சொல்லும். யார் செய்தார், எங்கே செய்தார் என்பது இவற்றிலிருந்து தெரியாது. ஆனாலும் பயன் உண்டு. எஃகின் பெயர் குத்தியிருந்தால் அது வார்ப்பெஃகுக் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல் வேறு. டமாஸ்கஸின் மேல் சுருள் சுருளான வரி ஓடும். கறுப்பேற்றிய குழலில் அது மறைந்திருந்தால், முன்கைக் கட்டை மறைக்கும் அடிப்பகுதியைப் பாருங்கள், வரி அங்கே பிழைத்திருக்கும்.

அடுத்து அந்த மூன்றெழுத்து. சோதனை முத்திரைகளைப் படிக்க இரண்டு ஆண்டுகளை மனத்தில் வைத்தால் போதும். ஒன்று 1891. அந்த ஆண்டுச் சட்டம்தான் ஆஸ்திரியாவில் விற்கும் துப்பாக்கியை அரசுச் சோதனைச்சாலையில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வழக்கமான தோட்டாவை விடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள். குழல் வீங்காமல், பூட்டு அசையாமல் நின்றால் முத்திரை கிடைக்கும். அதற்கு முந்தைய துப்பாக்கியில் அரசு முத்திரை இல்லாமல் இருக்கலாம். முத்திரை இல்லை என்பதற்காக அதைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். இன்னொன்று 1899. புகையில்லா வெடிமருந்துக்கான சோதனை அப்போது வந்தது. என்.பி. என்ற இரண்டெழுத்து அந்த மருந்தைக் குறிக்கும், மூன்றாவது எழுத்து ஊரைக் குறிக்கும். எஃப் என்றால் ஃபெர்லாக், பி (B) என்றால் புடாபெஸ்ட், வி என்றால் வியன்னா. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஜெர்மன் மொழியில் வியன்னாவின் பெயர் டபிள்யூவில் தொடங்குவதால், என்.பி.டபிள்யூ. என்றால் வியன்னா என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வைப்பெர்ட். பொஹீமியாவின் எல்லையில் இருந்த துப்பாக்கி ஊர், இன்று செக் நாட்டில் வேய்ப்ர்டி. இந்த ஓர் எழுத்தைத் தவறாகப் படித்து, வைப்பெர்ட் துப்பாக்கிக்கு வியன்னா விலை கொடுத்தவர்கள் உண்டு.

புகையில்லா மருந்து முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. டமாஸ்கஸோ வார்ப்பெஃகோ, இரண்டுக்கும் இது பொருந்தும். கரிமருந்துக்கென்று (பழைய கறுப்பு வெடிமருந்து) சோதித்த குழல் அதற்கு மட்டும்தான் சான்று பெற்றிருக்கிறது.

இப்போது அந்தப் புள்ளி வைத்த எண். ஃபெர்லாக் முத்திரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புள்ளிக்கு முன்னால் இருப்பது சோதனைச்சாலைப் பதிவேட்டின் வரிசை எண், பின்னால் இருப்பது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். 612.27 என்றால் 1927-ஆம் ஆண்டில் 612-ஆவதாகப் பதிவானது. ஒரு கைத்தொழில் ஊர் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவாகத் தேதி போட்டு வைத்திருக்கிறது. கவனம் வேண்டிய இடம் அந்தப் புள்ளி. அழுக்கு அடைத்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஸூல் நகரத்துத் துப்பாக்கிகளில் மாதமும் ஆண்டும் சேர்த்துக் குத்துவார்கள். அங்கே 524 என்றிருந்தால் 1924 மே மாதம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, பக்கத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். பி, யூ, ஜி, எஸ், டபிள்யூ ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றின் தலையிலும் கிரீடம் இருந்தால் அது 1891-ஆம் ஆண்டு ஜெர்மன் சட்டத்தின் முத்திரை. கழுகின் அடியில் என் என்ற எழுத்து இருந்தால், 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்ட பிறகு 1940 முதல் நடைமுறைக்கு வந்த முத்திரை. அந்தக் காலத்துக் கழுகு ஃபெர்லாக் துப்பாக்கியிலும் இருக்கும்.

ஒரு நீள்வட்டக் கூட்டுக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்தும் அடியில் ஒரு விண்மீனும் தெரிந்தால் குழல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் சோதிக்கப்பட்டது. கூட்டின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிறகு. வியன்னாப் பெயர் தாங்கிய துப்பாக்கியில் லியேஜ் குழலைப் பார்த்தால் மனம் வருந்த வேண்டாம். ஐரோப்பா முழுக்கவே லியேஜிலிருந்து குழல் வாங்கினார்கள். டமாஸ்கஸ் குழலில் அந்த ஊர்க்காரர்கள் கைதேர்ந்தவர்கள்.

இடுக்கில் இருக்கும் அந்த இரண்டு சிறிய எழுத்துகளைப் பற்றி நிறைய கேள்வி வரும். அவை அந்தக் குழலையோ பூட்டையோ செய்த தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துகள். ஃபெர்லாக்கில் ஒரே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லோரும் ஒரே தொழிலில் இருந்தார்கள். அதனால் இரண்டெழுத்தை மட்டும் வைத்து ஒரு பெரிய பெயரை ஏற்றிச் சொல்பவரை நான் நம்புவதில்லை. விற்பனையில் இந்த ஏற்றிச் சொல்லும் பழக்கம் மிக அதிகம்.

பட்டையில் இருக்கும் எழுத்துக்கும் ஒரு வார்த்தை. 'கா.உண்ட்.கா.' என்று வாசிக்கும் பேரரச, அரச அடைமொழி இருந்தால் 1918-க்கு முன்னால் போட்டது. பேரரசு அந்த ஆண்டோடு முடிந்தது. பட்டையில் வெட்டிய இரட்டைத்தலைக் கழுகு, அரசவைக்குப் பொருள் கொடுத்தவர் என்ற பெருமைச் சின்னமாகவும் இருக்கலாம். அதைச் சோதனை முத்திரையாக எண்ண வேண்டாம். சோதனை முத்திரை அச்சால் அடித்துக் குத்தியது, ஓரத்தில் உலோகம் நுண்ணியதாக மேலெழுந்திருக்கும். பெருமைச் சின்னம் உளியால் வெட்டியது, உள்ளே உளி போன தடம் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ட பிறகு மறக்கவே மாட்டீர்கள். பெயரின் எழுத்துகள் மட்டும் கூர்மையாகவும் சுற்றிலுமுள்ள சித்திரம் தேய்ந்தும் இருந்தால், பெயர் பிற்காலத்தில் ஏறியது என்று சந்தேகப்படுங்கள்.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். துப்பாக்கி 1927-இல் ஃபெர்லாக்கில் சோதிக்கப்பட்டது, சக்கரவர்த்தி காலத்தது அல்ல என்று. மகன் கொஞ்சம் சங்கடப்பட்டார். அம்மா சங்கடப்படவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இது என் அப்பா வாங்கியது. தாத்தாவுடையதைப் போர் முடிந்ததும் வந்த பட்டாளம் எடுத்துக்கொண்டு போயிருக்கும். அப்பா இதை எங்கேயோ ஒளித்து வைத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள்" என்றார். மகனுக்கு அந்தக் கதையே புதிது. போரின் முடிவில் ஆஸ்திரியாவை நேச நாடுகள் நான்கும் பங்கிட்டுக்கொண்டபோது வீட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். நல்ல துப்பாக்கிகள் ஏராளமாக அப்படிப் போய்விட்டன. தேதி தெரிந்ததால் ஒரு பொருள் தாத்தாவின் கையிலிருந்து அப்பாவின் கைக்கு மாறியது. அந்த மாற்றம் அந்தக் குடும்பத்துக்கு மதிப்புள்ளது.

"சுடலாமா?" என்று மகன் கேட்டார். முத்திரையைப் படித்து முடித்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். முத்திரை சொல்வது 1927-இல் அந்தக் குழல் எப்படி இருந்தது என்பதை மட்டும். அதற்குப் பிறகு துருவைப் போக்க உள்ளே எத்தனை முறை கடைந்தார்களோ தெரியாது. 16 என்ற எண் குழலின் விட்டத்தைச் சொல்கிறது. ஒரு ராத்தல் ஈயத்தில் 16 உருண்டை உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு, சுமார் 16.8 மில்லிமீட்டர். 12-க்கு 18.5, 20-க்கு 15.6. அந்தக் காலத்து ஜெர்மன் துப்பாக்கிகளின் ரைஃபிள் குழலில் 118.35, 67.49 என்று விசித்திரமாகத் தெரியும் எண்களும் இதே கணக்குதான். முதலாவது சுமார் 8.6 மில்லிமீட்டர், இரண்டாவது 10.4. தோட்டா எண் என்று நினைத்துக் கடையில் கேட்டுவிடாதீர்கள்.

எனவே அளக்க வேண்டும். தோட்டா போடும் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே, உள்விட்டமானியால் அளந்தோம். இடது குழல் 16.8-ஐ ஒட்டியிருந்தது. வலது குழல் 17.1-ஐத் தொட்டது. வேட்டைக்காரர் முதலில் சுடுவது பெரும்பாலும் வலது குழலில், அதிகம் அழுக்கேறுவதும் அதிகம் கடைவதும் அதுதான். உள்ளே பெரிதாகியிருந்தால் சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது. சுவரின் தடிமனை அளக்கத் தனிக் கருவி வேண்டும், அது துப்பாக்கித் தொழிலாளியிடம்தான் இருக்கும்.

அறையின் நீளத்தையும் பார்த்தோம். 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் 16-ஆம் எண் தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர். ஆபத்து என்னவென்றால், 70 என்பது சுட்ட பிறகு தோட்டாவின் வாய் விரிந்த நீளம். சுடுமுன் வாய் மடங்கியிருப்பதால் அது 65 அறைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும், குழலும் மூடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் அறை குறுகிக் குழலோடு சேரும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும். தோட்டா நுழைகிறது என்பதால் அது பொருந்துகிறது என்று எண்ணக் கூடாது. இதை மட்டும் எல்லோரிடமும் உரத்துச் சொல்கிறேன்.

சட்டத்தையும் தொட்டுவிடுகிறேன். ஆஸ்திரியாவில் 1871-க்கு முன் செய்த துப்பாக்கிகளுக்குச் சட்டத்தின் பல பிரிவுகள் பொருந்தாது. அதற்குப் பிந்தையதைப் பதிவு செய்ய வேண்டும். பரம்பரையாக வந்தது என்பதும் பழசாக இருக்கிறது என்பதும் விலக்கு ஆகாது. ஆகவே தேதியைப் படிக்கத் தெரிந்திருப்பது பொழுதுபோக்குக்காரருக்கு மட்டுமல்ல, அலமாரியில் ஒரு துப்பாக்கியை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை. இந்தியாவில் வைத்திருப்பவர்கள் அங்குள்ள உரிமச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், ஆஸ்திரியத் தேதி அங்கே செல்லாது.

மகன் துப்பாக்கியை ஃபெர்லாக் சோதனைச்சாலைக்கே எடுத்துப் போய்க் காட்டினார். மறுசோதனைக்குக் கொடுத்தால் கூடுதல் அழுத்தத்தில் சுடுவார்கள், வலது குழல் தாங்காமல் போகலாம், அந்த இழப்பு உரிமையாளருடையது என்று முன்கூட்டியே சொன்னார்களாம். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அது சுடுவதற்கு அல்ல என்று எழுதிய சீட்டோடு அலமாரியில் இருக்கிறது. அந்தச் சீட்டின் பின்புறத்தில் நான் எடுத்த பென்சில் பிரதியையும் இரண்டு குழலின் அளவையும் அறையின் நீளத்தையும் ஒட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கும் அப்படி ஒன்று செய்து வையுங்கள். அளந்த தேதியையும் எழுதுங்கள்.